துளையிடத் தெரியாத படிப்பு

திருப்பு விசை என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். விசையையும், சுழலும் அச்சிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது என்று உடனே பல கைகள் உயரும். சூத்திரம் தெரியும், அலகு தெரியும், கணக்குப் போடவும் தெரியும். அதே வகுப்பறையில் ஒரு பெஞ்சின் கால் ஆடிக்கொண்டிருக்கும். அதன் திருகாணி தளர்ந்துவிட்டது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை முடுக்க ஒரு கையும் உயராது. தச்சர் வரவேண்டும், அனுமதி கிடைக்கவேண்டும், பணம் ஒதுக்கவேண்டும் என்று அந்தக் கால் ஆண்டு முழுவதும் ஆடும்.

இந்த நிலை மாறவேண்டும் என்பதே என் கருத்து. உயர்நிலைப் பள்ளியை விட்டுப் போகும் முன் ஒவ்வொரு மாணவனும், ஒவ்வொரு மாணவியும் தம் கையால் ஒரு மரத்துண்டில் ஒழுங்காக ஒரு துளை இட்டிருக்க வேண்டும். அந்தத் துளையில் ஒரு திருகாணியை ஒழுங்காக முடுக்கியிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள், குடுவைகளுக்கும் வில்லைகளுக்கும் பக்கத்தில், பள்ளிச் சோதனைக்கூடத்திலேயே இருக்கவேண்டும். தச்சு வேலைக்கு ஆள் சேர்க்க இதைச் சொல்லவில்லை. விஞ்ஞானப் பாடத்தின் ஒரு பகுதியாகவே சொல்கிறேன். ஏன் என்று பார்ப்போம்.

வில்லிலிருந்து பாட்டரி வரை

துளையிடுதல் மனிதன் கற்ற மிகப் பழைய வித்தைகளில் ஒன்று. பலூசிஸ்தானத்தில் மெஹர்கர் என்ற இடத்தில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளைத் தோண்டியபோது, 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில் துளை இட்டிருப்பதைக் கண்டார்கள். உயிரோடு இருந்தவர்களின் பற்களில் போட்ட துளைகள் அவை! அங்கே மணிகள் கோக்கத் துளையிட்டவர்களின் கைவித்தையே பல்லுக்கும் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2006இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் ஊர்ப் பக்கம் வந்தால், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் துளையிட்டு முடித்த கல்மணிகளும், வேலை பாதியில் நின்ற கல்மணிகளும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. தமிழில் 'தமர்' என்று ஒரு பழைய சொல் உண்டு. அது துளையையும் குறிக்கும். துளையிடும் கருவியையும் குறிக்கும்.

அந்நாளில் ஒரு குச்சியின் நுனியில் கூரிய கல்லையோ இரும்பையோ பொருத்தி, வில்லின் நாணைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள். குச்சி ஒரு முறை வலமாகவும் ஒரு முறை இடமாகவும் சுழலும். பின்னாளில் பற்சக்கரம் வைத்துக் கையால் சுற்றும் டிரில் வந்தது; சுழற்சி ஒரே திசைக்கு வந்தது. 1863இல் அமெரிக்கரான ஸ்டீவன் மோர்ஸ் முறுக்கிய பள்ளங்கள் கொண்ட டிரில் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் கடையில் நீங்கள் வாங்கும் பிட் அதே வடிவந்தான்.

1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அர்னாட், பிரெயின் என்ற இருவர் மின்சாரத் துளை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் அதைக் கையில் எடுத்துச் செல்லும்படி செய்தது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் அழுத்தும் பொத்தானும் 1917இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் பெற்ற காப்புரிமையிலிருந்து பரவின. அதே நிறுவனம் 1961இல் மின்கம்பி இல்லாத டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் தச்சர்களும் எலெக்ட்ரீஷியன்களும் இன்று 'பாட்டரி டிரில்' என்று சொல்வது இதன் வாரிசுதான்.

விண்வெளி ஆராய்ச்சியில்தான் பாட்டரி டிரில் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல. சந்திரனுக்கு மனிதன் போனது 1969இல். இந்தக் கருவி கடைக்கு வந்தது 1961இல். ஆனால் சந்திரனுக்கும் இதற்கும் வேறொரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

துளைக்குள் என்ன நடக்கிறது?

ஒரு டிரில் பிட்டை எடுத்து நுனியை உற்றுப் பாருங்கள். இரண்டு வெட்டு விளிம்புகள் தெரியும். அவை நடுவில் ஒரு சிறு குறுக்குக் கோட்டில் சேர்கின்றன. பிட் சுழலும்போது எல்லாப் புள்ளிகளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. வெளி விளிம்பு மிக வேகமாக நகர்கிறது. நடுவை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. சரியாக நடுப்புள்ளியில் வேகம் பூச்சியம். எனவே நடுப்பகுதி பொருளை வெட்டுவதில்லை, அழுத்தித் தள்ளத்தான் செய்கிறது. வழவழப்பான இரும்புத் தகட்டில் பிட் வைத்த இடத்தில் நில்லாமல் வழுக்கி ஓடுவது இதனால்தான். அனுபவமுள்ளவர் முதலில் ஒரு கூர்முனையை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சிறு குழி செய்துகொள்வார். அவர் வட்ட இயக்கம் பற்றிய பாடம் படித்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தப் பாடத்தின் சாரம் அவர் கையில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. டிரில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 25 சுற்று. 2 மி.மீ. பிட்டின் விளிம்பு விநாடிக்கு சுமார் 16 செ.மீ. நகரும். 10 மி.மீ. பிட்டின் விளிம்போ சுமார் 78 செ.மீ. நகரும். பொருள் ஒன்றுதான், வெட்டும் வேகம் ஐந்து மடங்கு! வேகம் கூடினால் உராய்வால் உண்டாகும் வெப்பம் கூடும்; பிட் நீலம் பாய்ந்து முனை மழுங்கும். அதனால்தான் சிறிய பிட்டுக்கு அதிக வேகம், பெரிய பிட்டுக்குக் குறைந்த வேகம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மெல்லிரும்பில் 10 மி.மீ. துளையிட நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுப் போதும்.

இனி, வெட்டிய துகள் எங்கே போகும்? பிட்டின் முறுக்கிய பள்ளங்கள் வழியாக அது மேலே ஏறி வெளியே வரவேண்டும். மோர்ஸ் செய்த முறுக்கு அழகுக்காக அல்ல. துகள் வெளியே வராவிட்டால் துளைக்குள் அடைத்துக்கொள்ளும், உராய்வு பெருகும், பிட் சிக்கி நிற்கும். ஆழமான துளையிடும்போது இடையிடையே பிட்டை வெளியே இழுத்துத் துகளை உதறிவிட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இந்தச் சிறு விஷயம் சந்திரனிலேயே ஒரு பெரிய திட்டத்தைத் திணற வைத்தது. 1971இல் அப்போலோ 15இல் சென்ற டேவிட் ஸ்காட், சந்திரனின் உட்புறத்திலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளப்பதற்காகப் பாட்டரியால் ஓடும் டிரில்லைக் கொண்டு தரையில் துளையிட்டார். முன்னே சொன்ன பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்துக்கு அந்தக் கருவியின் ஆக்கத்தில் பங்கு உண்டு. துண்டுதுண்டான தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி இறக்கவேண்டும். தண்டுகள் இணையும் இடத்தில் முறுக்குப் பள்ளம் சரியாகத் தொடரவில்லை. அள்ளிய மண் அந்த இடத்தைத் தாண்டி மேலேற முடியாமல் இறுகிக்கொண்டது. தண்டு சிக்கியது, துளை திட்டமிட்ட ஆழத்தை எட்டவில்லை. பொறியாளர்கள் இணைப்பைத் திருத்தினார்கள். 1972இல் அப்போலோ 16இல் அதே வேலை தடங்கலின்றி நடந்தது. கோடிக்கணக்கான டாலர் செலவில் சென்றவர்களுக்கும் விதி ஒன்றுதான்: துகளுக்கு வழி விட்டால்தான் துளை இறங்கும்.

திருகாணி என்னும் மலைப்பாதை

அடுத்தது திருகாணி. ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, அதை ஒரு பென்சிலின் மேல் சுற்றுங்கள். சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறும். அதுதான் திருகாணி. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலை எப்படி ஒரு சாய்தளமோ, அப்படியே திருகாணியும் தண்டைச் சுற்றிய சாய்தளம்.

திருகு அளவியில் புரியிடைத் தூரம் என்று படித்திருக்கிறீர்கள். மரத்தில் போடும் 4 மி.மீ. திருகாணியில் அது ஏறத்தாழ 1.8 மி.மீ. இருக்கும். திருப்புளியின் கைப்பிடி 3 செ.மீ. விட்டமுள்ளது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு நம் விரல் சுமார் 94 மி.மீ. நகர்கிறது, திருகாணி 1.8 மி.மீ. மட்டுமே இறங்குகிறது. உராய்வே இல்லாத உலகமானால் நாம் கொடுக்கும் விசை ஏறக்குறைய 52 மடங்காகப் பெருகியிருக்கும். நம் உலகில் உராய்வு பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ஐயோ, நட்டம் என்று எண்ணாதீர்கள். அந்த உராய்வு இல்லாவிட்டால், கையை எடுத்ததும் திருகாணி தானாகவே கழன்று வெளியே வந்துவிடும். கதவும் நிற்காது, நாற்காலியும் நிற்காது. முடுக்கும்போது நம் எதிரியாக இருக்கும் உராய்வு, முடுக்கியபின் நம் காவலாளியாகிறது.

திருகாணிக்கு முன்னால் ஒரு சிறு துளை போடவேண்டும் என்று தச்சர் சொல்வார். ஏன்? திருகாணி மரத்தை வெட்டி எடுப்பதில்லை; பக்கவாட்டில் நெருக்கித் தள்ளுகிறது. ஓரத்தில் போட்டால், ஆப்பு அடித்தாற்போல் மரம் நார் ஓடும் திசையில் பிளந்துவிடும். திருகாணியின் நடுத்தண்டு எவ்வளவு பருமனோ அவ்வளவு துளை முதலில் போட்டால், தண்டுக்கு இடம் கிடைத்துவிடும். மரைகள் மட்டும் இருபுறமும் கவ்விக்கொள்ளும். 4 மி.மீ. திருகாணிக்கு மரத்தின் உறுதியைப் பொறுத்து 2 முதல் 3 மி.மீ. வரை துளை போதும். இரண்டு பலகைகளை இணைக்கும்போது மேல் பலகையில் மட்டும் திருகாணி தாராளமாக நுழையும்படி பெரிய துளை போடவேண்டும். இல்லாவிட்டால் மரை இரண்டு பலகைகளையும் தனித்தனியே கவ்வும். எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் உள்ள இடைவெளி மூடாது. இதை ஒரு முறை செய்து பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

கருவிக்குள் ஒரு பாடநூல்

இப்போது பாட்டரி டிரில்லுக்கே வருவோம். அடிப்பகுதியில் உள்ள பாட்டரியில் '18 வோல்ட்' என்று எழுதியிருந்தால், உள்ளே 3.6 வோல்ட் தரும் லித்தியம் அயனி மின்கலங்கள் ஐந்து தொடரிணைப்பில் இருக்கின்றன என்று பொருள். சில பாட்டரிகளில் '20 வோல்ட்' என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் அதுவும் அதே ஐந்து மின்கலங்கள்தான். முழுவதும் மின்னேற்றிய நேரத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 வோல்ட் காட்டுவதை வைத்து எழுதியது. தொடரிணைப்புக் கணக்குத் தெரிந்தவரை விளம்பரம் ஏமாற்ற முடியாது! 1961இல் வந்த கருவியில் நிக்கல் காட்மியம் மின்கலங்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் தரும். லித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

18 வோல்ட், 2 ஆம்பியர் மணி பாட்டரியில் உள்ள ஆற்றல் 36 வாட் மணி. ஜூலில் சொன்னால் 1,29,600. ஒரு 40 மி.மீ. திருகாணியை உள்ளே அனுப்ப ஏறத்தாழ 22 சுற்று வேண்டும். சராசரித் திருப்பு விசை 1.5 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால் வேலை சுமார் 207 ஜூல். கருவியில் பாதி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு முறை மின்னேற்றினால் 300 திருகாணிகள் முடுக்கலாம். கையால் செய்தால் ஒவ்வொரு திருகாணிக்கும் மணிக்கட்டை அறுபது தடவையாவது திருப்பவேண்டியிருக்கும். 300 திருகாணிகளுக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தச்சர்கள் இந்தக் கருவியை ஏன் விரும்புகிறார்கள் என்பது புரியும்.

கருவியின் முதுகில் 1, 2 என்று எழுதிய ஒரு தள்ளு பொத்தான் இருக்கும். அது கியர். உள்ளே உள்ள மோட்டார் மிக வேகமாகச் சுழல்கிறது, ஆனால் அதன் திருப்பு விசை குறைவு. பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துத் திருப்பு விசையைப் பெருக்குகின்றன. திறன் என்பது திருப்பு விசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. முனையில் 200 வாட் கிடைக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 450 சுற்றில் திருப்பு விசை சுமார் 4.2 நியூட்டன் மீட்டர். 1,500 சுற்றில் சுமார் 1.3 மட்டுமே. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கவேண்டும். ஆகவே திருகாணிக்கு 1, சிறு துளைக்கு 2. சைக்கிளிலும் காரிலும் உள்ள தத்துவமே இங்கும்.

முன்பக்கத்தில் எண்கள் பொறித்த ஒரு வளையம் உண்டு. இதுதான் இந்தக் கருவியின் மிகப் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். நாம் வைத்த எண்ணுக்கு உரிய திருப்பு விசையை மீறினால், உள்ளே ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் கிளட்ச் 'டக டக' என்று வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். திருகாணி அதற்குமேல் சுழலாது. சிறிய எண்ணில் தொடங்கி, திருகாணியின் தலை பலகையோடு சமமாக வந்து நிற்கும் வரை ஒவ்வொரு எண்ணாகக் கூட்டவேண்டும். துளையிடும்போது மட்டும் வளையத்தைப் பிட் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினால் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். பலர் வளையத்தை எப்போதும் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விளைவு? மரை அரித்த துளைகள், தலை தேய்ந்த திருகாணிகள், பிளந்த பலகைகள். வலிமை இருந்தால் போதாது. எங்கே நிறுத்துவது என்று தெரியவேண்டும்.

முதலில் கை, பிறகு இயந்திரம்

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பள்ளிக்கு ஒரு பாட்டரி டிரில் வாங்கி, பொத்தானை அழுத்தச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பொத்தானை அழுத்துவது கல்வி அல்ல. கால்குலேட்டர் கையில் இருப்பதால் வாய்பாடு வேண்டாம் என்று சொல்வதைப் போன்றது அது.

முதல் துளையைக் கையால் சுற்றும் டிரில்லில் போடட்டும். முதல் திருகாணியைத் திருப்புளியால் முடுக்கட்டும். அப்போதுதான் பிட் மரத்தைக் கடிக்கத் தொடங்கும் கணம், துகள் அடைக்கும்போது கை கனப்பது, துளை மறுபுறம் திறக்கும்போது திடீரென்று இலேசாவது, திருகாணி இறுகிவிட்டது என்று மணிக்கட்டு சொல்வது எல்லாம் உடம்புக்குப் புரியும். அதற்குப் பிறகு அதே வேலையைப் பாட்டரி டிரில்லில் செய்தால், கியரும் கிளட்சும் எதற்காக இருக்கின்றன என்பது விளக்காமலே விளங்கும். கையின் அனுபவத்தைத்தான் பொறியாளர்கள் எஃகிலும் ஸ்பிரிங்கிலும் வடித்திருக்கிறார்கள். மூலத்தைப் படித்தவனுக்குத்தான் நகலின் அருமை தெரியும்.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு, ஆபத்து. இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. பிட் திடீரென்று சிக்கினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கருவி எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். திருப்பு விசை 30 நியூட்டன் மீட்டர் ஆகி, கை அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்திருந்தால், 200 நியூட்டன் விசை மணிக்கட்டைத் திருகும். அதாவது 20 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். ஆகவே விதிகள் கண்டிப்பாக வேண்டும். மரத்துண்டைக் கையில் பிடிக்கக்கூடாது. மேசையோடு இறுக்கிப் பூட்டவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணியவேண்டும். கூந்தலை முடிந்துகொள்ளவேண்டும், துப்பட்டாவையும் தளர்ந்த கைச்சட்டையையும் ஒதுக்கிக் கட்டவேண்டும். கையுறை போடக்கூடாது, சுழலும் பிட் அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும். பிட்டை மாற்றும்போது பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பலகைக்குப் பின்னால் விரல் இருக்கக்கூடாது. சுவரில் துளையிடும் வேலையை வகுப்பில் வைக்கவே வேண்டாம். சுவருக்குள் மின்கம்பி ஓடும்.

இவ்வளவும் சரி. ஆனால் அமிலத்தையும் தீச்சுடரையும் நாம் ஏற்கெனவே மாணவர் கையில் கொடுக்கிறோமே! விதிகளோடு கொடுக்கிறோம், மேற்பார்வையோடு கொடுக்கிறோம். 230 வோல்ட் மின்கம்பியை இழுத்துக்கொண்டு ஓடும் டிரில்லோடு ஒப்பிட்டால், 18 வோல்ட் கருவியில் மின்னதிர்ச்சி பற்றிய பயம் இல்லை. பொத்தானை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழலும். விரலை எடுத்தால் உடனே நிற்கும். ஆபத்தை ஒளித்துவைப்பதைவிட அதைக் கையாளக் கற்பிப்பதே பாதுகாப்பு. எப்படியும் ஒரு நாள் வீட்டிலோ வேலையிலோ இந்தக் கருவி கைக்கு வரும். அன்று சொல்லிக்கொடுக்க ஆசிரியர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இரண்டாவது மறுப்பு, செலவு. ஒரு வகுப்புக்கு ஒரு பாட்டரி டிரில் போதும். அதன் விலை ஒரு சுமாரான நுண்ணோக்கியின் விலைக்குள் அடங்கும். கையால் சுற்றும் டிரில் இன்னும் மலிவு. துண்டுப் பலகைகளை ஊர்த் தச்சுப் பட்டறையில் கேட்டாலே கிடைக்கும்.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் கனமானது. "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்பதே அது. தலையால் செய்வது உயர்ந்த வேலை, கையால் செய்வது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. எந்த வேலை யாருக்கு என்று பிறப்பைக் கொண்டு பிரித்துவைத்த சமுதாயத்தில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு விஞ்ஞானமும் விலை கொடுத்தது. கருவியைக் கையாண்டவருக்குப் புத்தகம் எட்டவில்லை. புத்தகம் படித்தவர் கருவியைத் தொடவில்லை. இரண்டும் ஒருவரிடமே சேரும்போதுதான் புதியவை பிறக்கின்றன. தொலைநோக்கியின் வில்லைகளைக் கலிலியோ தாமே தேய்த்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவினையை மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவில் வைத்து ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளிக் கல்வியில் வேலை அனுபவம் ஓர் அங்கமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தேர்வில் மதிப்பெண் தராத எதையும் கால அட்டவணையிலிருந்து மெல்ல நழுவவிடும் நம் வழக்கந்தான் தடை.

மாணவிகளைப் பற்றியும் தனியாகச் சொல்லவேண்டும். கருவி என்றால் அது அண்ணன் தம்பிகளின் காரியம் என்று வீட்டில் ஒதுக்கிவைக்கிறார்கள். திருப்புளியைச் சுழற்றக் கைவலு வேண்டும் என்று ஒரு சாக்கு இருந்தது. பற்சக்கரமும் மோட்டாரும் அந்தச் சாக்கைத் துடைத்துவிட்டன. இந்தக் கருவிக்கு வேண்டியது பொறுமையும் கவனமும். அவை ஆணுக்கென்று தனியாக அளந்து கொடுக்கப்பட்டவை அல்ல.

செய்யக்கூடியது என்ன?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு நான்கு பாடவேளை ஒதுக்கினால் போதும். முதல் வேளையில் கையால் துளை. இரண்டாவதில் திருப்புளியும் திருகாணியும். மூன்றாவதில் பாட்டரி டிரில்லின் கியரும் கிளட்சும். நான்காவதில் பள்ளியில் தளர்ந்துபோன ஏதாவது ஒரு பொருளைச் சரிசெய்தல். ஊர்த் தச்சர் ஒருவரை அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையோடு நாற்காலி போட்டு அமர்த்தி, அவர் கையால் கற்றதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதற்கு இயற்பியல் ஆசிரியர் காரணம் சொல்லட்டும். தச்சரின் 'எப்படி'யும் ஆசிரியரின் 'ஏன்'னும் ஒரே மேசையில் சந்திக்கும் அந்த வேளை, பல நாள் பாடத்துக்கு ஈடாகும்.

பள்ளி செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு திருப்புளியாவது இருக்கும். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய மரத்துண்டில் இரண்டு திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள். ஒன்றை முன்துளை போட்டு, மற்றதைப் போடாமல். எதற்கு எவ்வளவு சிரமம், எது நேராக நின்றது, எங்கே மரம் விரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுவும் ஒரு விஞ்ஞானப் பரிசோதனைதான்.

சூத்திரத்தை மனத்தில் வைத்துக்கொள்வது படிப்பின் பாதி. அது கையில் இறங்கும்போதுதான் மற்றப் பாதி நிறைகிறது. பத்தாண்டுகள் விஞ்ஞானம் கற்பிக்கும் பள்ளி, ஒரு துளையையும் ஒரு திருகாணியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?